உரைக்கட்டு ஏறிய விதம்

சீடன் குருவைத் தேடிப் போவது ஞானம் பெறுவதற்காக என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வருகிறது. நூல்களிலும் அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள். இது உடனே திருத்தப்பட வேண்டிய பிழை. சீடன் போவது, தான் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு ஒப்புதல் வாங்க.

அருணகிரியும் அதற்காகத்தான் தென்காசிக்குப் போனார். கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குருவாக வரித்துக்கொண்ட செங்கமலத்துக்கு ஏறக்குறைய அவருடைய மகள் வயது. அருணகிரி அவரை டீச்சர் என்பார். அவர் அருணகிரியை சார் என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

புத்தகப் பக்கங்களை அச்சுக்குக் கோத்துத் தரும் மென்பொருள் ஒன்று உண்டு. அதற்குத் துணையாக அருணகிரி ஒரு தொகுப்பு எழுதியிருந்தார். நடுவில் பாட்டு, சுற்றிலும் உரை, அடியில் பாடபேதம் என்று பழைய நூல்களுக்கு ஏற்ற பக்கத்தை அது அமைத்துத் தரும். உரைக்கட்டு என்று பெயர் வைத்தார்.

அதை எழுதியதே நண்பர் சடகோபனுக்காக. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் புலவரான சடகோபன் ஆயுள் முழுக்க ஒரு பழைய பாட்டு நூலுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். உரை முடிந்தபோது கண் மங்கத் தொடங்கியது. பார்வை இருக்கும்போதே பக்கங்களைத் தானே பார்த்துத் திருத்திவிட வேண்டும் என்று தவித்தார். உரைக்கட்டோ அவருடைய கணினியில் ஏற மறுத்தது. உன் கட்டை ஏற்றுவதற்கு நீயே பெட்டியோடு வந்து என் வீட்டில் குடியிருக்க வேண்டும் போலிருக்கிறது என்று போனில் வைதார். கற்றுக்கொள்ள உனக்குச் சோம்பல் என்றார் அருணகிரி. அத்தோடு பேச்சு நின்றுபோயிருந்தது.

இத்தகைய தொகுப்புகளைச் சேர்த்துவைக்கும் பொதுக் களஞ்சியம் செங்கமலத்தின் பொறுப்பில் இருந்தது. அதில் சேர்ந்துவிட்டால் தொகுப்பின் பெயரைத் தட்டினால் போதும். அது தானே வந்து உரிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அருணகிரியின் முடிவு வேறு. உரைக்கட்டு களஞ்சியத்தில் இருக்கட்டும். ஆனால் வேண்டுகிறவர் தம் கையாலேயே கோப்புகளை அந்தந்த இடத்தில் வைத்து நிறுவிக்கொள்ளட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போதுதானே தெரியும்?

செங்கமலம் மறுத்துப் பேசவில்லை. முதலில் நிறுவிப் பார்க்கலாம் என்றார்.

அதற்கு அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதுவுமே ஏற்றாத கணினி ஒன்றில், எழுதியவர் தந்த குறிப்பை மட்டும் பார்த்து நிறுவுவார். எழுதியவர் பக்கத்தில் உட்காரலாம். பேசக் கூடாது. பேசினால் அதுவரை ஏற்றியதையெல்லாம் அழித்து, கணினியைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

அருணகிரி வெகு நேரம் தாங்கவில்லை.

"அங்கே வைக்கக் கூடாது டீச்சர். பக்கத்து ஃபோல்டர்ல வைக்கணும்."

"குறிப்புல எழுதியிருக்கீங்களா சார்?"

"அது தெரிஞ்சதுதானே."

"யாருக்கு?"

செங்கமலம் கணினியைத் துடைத்தார். அருணகிரி அந்த வரியைக் குறிப்பில் சேர்த்தார்.

அடுத்த முறை, புதுக் கோப்பு வந்திருப்பதை மென்பொருளுக்குச் சொல்லாமலே செங்கமலம் மேலே போனார். அருணகிரி தொண்டையைச் செருமினார். செருமலும் பேச்சாகவே கொள்ளப்பட்டது. கணினி மறுபடியும் துடைக்கப்பட்டது. குறிப்பு நீண்டது. செங்கமலம் முகம் சுளிக்கவில்லை. செங்கமலத்தின் மாடி அறைக்குக் கீழே இருந்த மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அருணகிரி கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

இந்த முறை குறிப்பில் ஒரு வரியும் குறையவில்லை. எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. செங்கமலம் ஒரு பக்கத்தைக் கோக்கச் சொன்னார். மென்பொருள் நின்றது. 'அருணகிரி-அளவு' என்ற கோப்பைக் காணவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது.

அருணகிரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். இப்போது தடை ஏதும் தேவைப்படவில்லை.

போன மாதம் சடகோபன் இதே வரியை எழுத்தெழுத்தாகப் போனில் படித்துக் காட்டியிருந்தார். அப்படி ஒரு கோப்பே என் தொகுப்பில் கிடையாது, கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒழுங்காகப் படி என்று அருணகிரி சொல்லியிருந்தார்.

செங்கமலம் அவருடைய மடிக்கணினியை வாங்கித் தேடினார். கோப்பு இருந்தது. எந்தக் காலத்திலோ தன் வசதிக்காக அருணகிரி எழுதி, ஒரு மூலையில் போட்டு, மறந்துபோன சின்னக் கோப்பு. அவருடைய கணினியில் மட்டும் எல்லாம் ஒழுங்காக ஓடியதற்கு அதுவே காரணம். செங்கமலம் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்து போனார்.

"சரியாத்தான் படிச்சிருக்கான்" என்றார் அருணகிரி. அறையில் யாரும் இல்லை.

தேநீர் வந்தபின் வேலை தொடங்கியது. தொலைந்த கோப்பு தொகுப்புக்குள் சேர்ந்தது. ஒவ்வொன்றும் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதைக் களஞ்சியத்துக்குப் புரியும்படி அருணகிரி அடுக்கினார். நீண்டிருந்த குறிப்பு வரிவரியாகக் கரைந்து, கடைசியில் தொகுப்பின் பெயர் மட்டும் மிஞ்சியது. செங்கமலம் கணினியைத் துடைத்து, அந்தப் பெயரைத் தட்டினார். உரைக்கட்டு ஏறியது. சோதனைக்காக அருணகிரி கொண்டுவந்திருந்த சடகோபனின் பக்கம் ஒன்று திரையில் விரிந்தது.

அருணகிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். களஞ்சியத்தில் சேர்க்கும் பொத்தானை அவர்தான் அழுத்த வேண்டும். கை போகவில்லை.

"ஒரு சந்தேகம் டீச்சர்."

"கேளுங்க சார்."

"நான் இதையெல்லாம் முட்டி மோதித்தான் கத்துக்கிட்டேன். எத்தனையோ ராத்திரி தூங்கலை. பேரைத் தட்டினா வந்துடும்னு ஆக்கிட்டா, வர்றவன் எதைத்தான் கத்துக்குவான்?"

செங்கமலம் திரையைப் பார்த்தார். சுற்றிலும் உரை பொடி எழுத்தில் சூழ்ந்திருக்க, நடுவில் நான்கு வரி தனியாக நின்றது.

"பாட்டை, சார்" என்றார்.

உரைக்கட்டு அன்று மாலையே களஞ்சியத்தில் சேர்ந்தது. அருணகிரி ஊருக்குத் திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு செய்தி அனுப்பினார். அதில் மன்னிப்பும் தொகுப்பின் பெயரும் மட்டும் இருந்தன.

அடுத்த வாரம் சடகோபன் கூப்பிட்டார். நிறுவியதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆறாம் பாட்டுக்கு இத்தனை காலம் எல்லோரும் சொல்லிவரும் பொருள் தவறு என்று ஆரம்பித்து, அருணகிரிக்குக் காது சுடும்வரை பேசினார்.