வகுப்பு முடிந்த பிறகு

மேகம் வீட்டுக்குள் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊர் வால்பாறை. அங்கே மெகருன்னிசா டீச்சர் இருந்தார். வயது முப்பத்துநாலு. ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவர் வகுப்பில் சேர்ந்த யாரும் பாதியில் நின்றதில்லை என்று பேச்சு.

அவரையே குருவாக நினைத்துக்கொண்டு ஒருநாள் காலையில் மலையேறி வந்தார் திருமலைசாமி. வயது ஐம்பத்தாறு. திருப்பூரில் வேலைக்குப் போகிற பெண்களைப் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு ஆன்லைனில் தயார் செய்கிறவர். பாவம், வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார்.

"இருபத்தேழு பேர் இருந்தாங்க டீச்சர். இப்ப ஒம்பது. அதுல சவரியம்மான்னு ஒருத்தங்க, பனியன் கம்பெனியில துணியில நீட்டிக்கிட்டிருக்கற நூல் பிசிறு வெட்டறவங்க. ரொம்பக் கெட்டிக்காரங்க. 'இன்னிக்கு வகுப்புதான் கடைசி, நாளையிலிருந்து வரலீங்க சார்'னு செய்தி போட்டுட்டாங்க. பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருக்கு. அவங்க போகாம எப்படிப் பார்த்துக்கறது?"

"பதினொரு மணிக்கு எனக்கு வகுப்பு. உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். வகுப்பு நடந்தது. அடடா என்று சொல்ல ஒன்றுமில்லை. நாமே இதைவிட நன்றாக நடத்துவோமே என்று திருமலைசாமிக்குத் தோன்றியது. தோன்றியதும் அவருக்கே கூச்சமாகப் போயிற்று.

"சரிம்மா, போயிட்டு வாங்க" என்றார் டீச்சர். திரையில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரே ஒரு பெயர் மட்டும் கறுப்புக் கட்டத்தில் நின்றது.

டீச்சர் எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தார். மேகம் உள்ளே வந்தது. சுவர் மறைந்தது, மேசை பாதி மறைந்தது. அந்த வெள்ளைக்குள் நின்று டீச்சர் துணி மடித்தார். எங்கோ ஒரு பறவை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. திருமலைசாமிக்குத் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்றே தெரியவில்லை.

கால் மணி நேரம் ஆயிற்று. டீச்சர் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, எல்லோரையும் வெளியேற்றுகிற சிவப்புப் பொத்தானுக்குக் கையை நீட்டினார் திருமலைசாமி.

"என்ன பண்றீங்க சார்?"

"வகுப்புதான் முடிஞ்சுதே. நான் நன்றி வணக்கம் சொன்ன கையோட அமுக்கிருவேன்."

"தினமுமா?"

"தினமும்."

அதற்குள் கறுப்புக் கட்டம் பேசியது.

"டீச்சர், இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"ஒண்ணுமில்லை. சும்மாதான்."

"சரிம்மா."

டீச்சர் இன்னொரு துணியை எடுத்தார்.

"அந்த ரெண்டாவது கணக்கு புரியலை டீச்சர். எல்லார் முன்னாடியும் கேட்க வெட்கமா இருந்துச்சு. பேசாம நின்னுரலாமான்னு..."

டீச்சர் துணியை வைத்துவிட்டு வந்து, அந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டுக் காட்டினார்.

தன் வகுப்பை விட்டுப் போய்விட்ட பதினெட்டுப் பேரையும் நினைத்தார் திருமலைசாமி. அதில் எத்தனை பேர் வாயைத் திறக்கப் போன நேரத்தில் நான் பொத்தானை அமுக்கினேனோ என்று வாய்விட்டே சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அதே மேசையில் அவருடைய வகுப்பு. முடிந்ததும், "போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். எட்டுப் பேர் போனார்கள். சவரியம்மாவின் பெயர் நின்றது.

ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம். வெளியே தேயிலைச் சரிவு இருந்த இடமே தெரியவில்லை. அந்தப் பெயர் மட்டும் அசையாமல் இருந்தது. அந்தக் குளிரிலும் மனிதருக்கு வியர்த்தது.

மைக்கை அணைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், நானும் போகலை, அவங்களும் பேசலை. எதைப் பார்த்துட்டு இருக்காங்க?"

"நீங்க போயிருவீங்களான்னு பார்க்கறாங்க சார்."