வாத்தின் ஒன்பதாம் அறை

ஒரு காட்டில் ஒரு கணினி இருந்தது. காட்டுக்குள் கணினி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். மனிதர்கள் மலைச்சரிவில் ஒரு காவல் கோபுரம் கட்டினார்கள், சில காலம் இருந்தார்கள், பிறகு போய்விட்டார்கள். போகிற அவசரத்தில் தட்டுமுட்டுச் சாமான்களோடு கணினியையும் விட்டுவிட்டுப் போனார்கள். கூரைமேல் இருந்த சூரியத் தகட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கணினி ஒன்று, ஆசைப்பட்டவர்கள் பலர். "எனக்குத்தான்" என்று முயலும் கரடியும் ஆமையும் மல்லுக்கு நின்றன. யானை குறுக்கே வந்து நின்றது. யானைக்குப் பொறுமை அதிகம். அது கணினியின் நினைவைப் பல பங்குகளாகப் பிரித்து, கோபுரத்தில் கிடந்த திரைகளை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தது.

"இந்தா, இது முழுசா உன் கணினி" என்று ஒவ்வொன்றிடமும் தனித்தனியாகச் சொன்னது.

அது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் காட்டில் சண்டை நின்றது. அதனால் யானை அதைத் திருத்தவே இல்லை.

கணினியின் நினைவு அறை அறையாக இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. யானை பங்கு பிரித்தபோது, ஒவ்வொரு பங்கிலும் ஒன்றிலிருந்து தொடங்கிப் புதிதாக எண் போட்டுக் கொடுத்தது. முயலுக்கும் ஒரு முதலாம் அறை, கரடிக்கும் ஒரு முதலாம் அறை. கணினியின் உண்மையான வரிசையில் எது எங்கே இருக்கிறது என்பது யானையின் தலைக்குள் மட்டும் இருந்தது.

கணினியோடு ஒரு வானொலிப் பெட்டியும் இணைந்திருந்தது. நினைவைப் பிரித்தாயிற்று, பெட்டியை எப்படிப் பிரிப்பது? யானை அதற்கும் ஒரு வழி செய்தது. ஒவ்வொரு பங்கிலும் 'வானொலி' என்று எழுதிய ஒரு கதவை வைத்தது. கதவுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. யாராவது அதைத் தட்டினால் அவர்களுடைய திரை அப்படியே உறைந்துவிடும். யானை எழுந்து வந்து என்ன வேண்டும் என்று பார்க்கும். நிஜப் பெட்டியிடம் போய் ஒலியை வாங்கிவந்து, தட்டியவரின் அறையில் வைத்துவிட்டுத் திரையை மறுபடி ஓடவிடும். தட்டியவருக்கு இடையில் நடந்தது எதுவும் தெரியாது. பெட்டி கொஞ்சம் மந்தம் என்று மட்டும் நினைத்துக்கொள்வார்.

முயலுக்கும் கரடிக்கும் இது போதும். பக்கத்து மலையில் மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள்.

வாத்துக்குத்தான் போதவில்லை.

அது வரித்தலை வாத்து. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து கூட்டமாக வந்த வாத்துகளில் ஒன்று. வெயில் ஏறியதும் கூட்டம் திரும்பிப் போகக் கிளம்பியது. கிளம்பும் நேரத்தில் இதன் சிறகு ஒரு கிளையில் மாட்டி முறிந்துவிட்டது. குஞ்சுகளுக்கு வழி தெரியாது. தாய் தகப்பனில் ஒருவராவது கூடப் போக வேண்டும். அதனால் ஆண் வாத்து போயிற்று.

போகும்போது அது சொன்னது: "பனிமலைக்கு இந்தப் பக்கம் கடைசியா ஒரு ஏரி இருக்கு. அங்கேயும் இதே மாதிரி ஒரு கோபுரம் இருக்கு. அதுக்குக் கீழே நின்னு ஒரு தரம் உன்னைக் கூப்பிடுவேன். கேட்டா, நாங்க பிழைச்சோம்னு தெரிஞ்சுக்கோ. மலை ஏறிட்டா அப்புறம் கோபுரம் கிடையாது."

"எப்படிக் கூப்பிடுவீங்க?"

"எப்பவும் கூப்பிடற மாதிரிதான், கருவரி."

வாத்தின் தலையில் இருந்த கறுப்பு வரியைப் பார்த்து ஆண் வாத்து வைத்த பெயர் அது. வேறு யாருக்கும் தெரியாது. காட்டில் எல்லோரும் அதை வெறும் வாத்து என்றுதான் அழைத்தார்கள்.

அன்றிலிருந்து வாத்து, யானை தனக்கும் பங்காகக் கொடுத்திருந்த திரையை விட்டு நகரவில்லை. தன் ஒன்பதாம் அறையைக் காலி செய்து, அந்தக் குரலுக்கென்றே சுத்தமாக வைத்தது. விடிந்ததும் வானொலிக் கதவைத் தட்டும். திரை உறையும். பிறகு தொலைதூர ஏரியின் ஒலி ஒரு துணுக்கு வரும். தவளைச் சத்தம், அலைச் சத்தம். மறுபடி தட்டும். மறுபடி உறையும். மறுபடி ஒரு துணுக்கு.

துணுக்குக்கும் துணுக்குக்கும் நடுவில் என்ன ஒலித்தது என்பது தெரியவே தெரியாது. வாத்துக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. கூப்பிடப் போவது ஒரே ஒரு தரம். அந்த ஒரு தரம் இந்த இடைவெளியில் விழுந்துவிட்டால்?

அது யானையிடம் போயிற்று.

"யானையண்ணே, அந்தப் பெட்டியை நேரா என்கிட்டயே குடுத்துடுங்க. நடுவுல யாரும் வேண்டாம்."

"குடுக்கலாம்மா. குடுக்கக் கூடாதுன்னு இல்ல" என்றது யானை. "ஆனா பெட்டி வாசல்ல ஒரு காவல் வைக்கணும். அதுக்குத்தான் கீரிக்குப் பாடம் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவன் இன்னும் முடிக்கல."

"எதுக்குக் காவல்? பேசப்போறது அவர். கேட்கப்போறது நான். இதுல கீரிக்கு என்ன வேலை?"

யானைக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. காவல் எதற்கு என்று சொல்ல வேண்டுமானால், இது முழுசாக உன் கணினி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நொந்து கிடக்கிற வாத்திடம் அதை எப்படிச் சொல்வது?

"வேணும்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டது. யானையின் குளியல் என்றால் சொல்ல வேண்டுமா? லேசில் முடியாது.

இதையெல்லாம் ஜன்னலில் தொங்கியபடி குரங்கு கேட்டுக்கொண்டிருந்தது. குரங்குக்கு நல்ல மனசு உண்டு. பொறுமை மட்டும் கிடையாது.

"வாத்தக்கா, யானைக்கு எல்லாமே நாளைக்குத்தான். அதுக்குள்ள அவர் மலையேறிப் போயிடுவார்."

"அதேதான் எனக்கும் பயம்."

"பெட்டிக்கு நேரா ஒரு கதவு போடறது எப்படின்னு நான் பார்த்து வச்சிருக்கேன். போட்டுடட்டுமா?"

"காவல்?"

"நல்லவங்க வீட்டுக்கு எதுக்குக் காவல்?"

வாத்து ஒரு கணம் தயங்கியது. பிறகு, "போடு" என்றது.

குரங்கு பொய்க் கதவைப் பிடுங்கி எறிந்தது. அந்த இடத்தில் நிஜப் பெட்டிக்கே திறக்கிற கதவைப் பொருத்தியது. வாத்து அதைத் தொட்டது. திரை உறையவில்லை. பெட்டியின் பச்சை விளக்கு, அதன் முள், எல்லாம் கண்ணெதிரே நேராகத் தெரிந்தன. இத்தனை நாள் யாரோ திரை போட்டு மறைத்திருந்ததை விலக்கிவிட்ட மாதிரி இருந்தது. வாத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்போ பெட்டிகிட்ட நீங்களே சொல்லுங்க, வர்ற சத்தத்தை எந்த அறையில வைக்கணும்னு" என்றது குரங்கு.

"ஒன்பதாம் அறை" என்று வாத்து பெட்டியிடம் சொன்னது. "ஒரு துளி சிந்தாம வை."

பெட்டிக்குச் சொன்னதைச் செய்யத் தெரியும். வேறு எதுவும் கேட்கத் தெரியாது.

வெயில் சாயும் நேரத்தில் பச்சை விளக்கு மினுங்கியது. ஏதோ ஒலி வருகிறது. வாத்து ஓடிப்போய் ஒன்பதாம் அறையைத் திறந்தது. காலி. விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டே இருந்தது. 'இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது' என்று வாத்து தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டது. அறை வாசலிலேயே நின்றது. விளக்கு மினுங்கி மினுங்கி, கடைசியில் அணைந்தது. அறை காலியாகவே இருந்தது.

அப்போது கோபுரத்தின் மறுமூலையிலிருந்து ஆமை ஊர்ந்து வந்தது. காட்டிலேயே ஆமையைப் போல் சுத்தக்காரி கிடையாது. அதன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் அறையில குப்பை கொட்டினது யாரு?"

"என்ன குப்பை ஆமையக்கா?" என்றது வாத்து.

"சத்தம்! தண்ணி அடிக்கிற சத்தம், றெக்கை அடிக்கிற சத்தம். ஆத்து மணல்ல நான் முட்டை புதைச்ச இடத்துக்கு அந்த அறையில வழி குறிச்சு வச்சிருந்தேன். அது மேலேயே கொண்டுவந்து கொட்டியிருக்கு. வழி முழுக்க அழிஞ்சு போச்சு. நான் இனி எங்கேன்னு போய்த் தேடுவேன்?"

வாத்தின் கழுத்து மெல்ல நிமிர்ந்தது.

"அக்கா, அந்தச் சத்தம் இப்போ எங்கே?"

"எங்கேயா? கூட்டித் தள்ளிட்டேன். என் அறையில குப்பை தங்க விடுவேனா?"

"அதுல குரல் ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு. யாரையோ கூப்பிட்டுது. கருவரி, கருவரின்னு. இந்தக் காட்டுல அப்படி யாரும் இல்லையேன்னு நினைச்சேன்."

வாத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அவர்கள் பிழைத்துவிட்டார்கள். ஏரிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். சந்தோஷம் வந்தது, அதை முழுசாக அனுபவிக்கத்தான் முடியவில்லை.

"அப்புறம் என்ன சொன்னார்?"

"அப்புறம் ஏதோ சொல்ல ஆரம்பிச்சுது. அதுக்குள்ள துடைச்சுட்டேன்."

"குரல் எப்படி இருந்துச்சு? களைச்சுப் போயிருந்துச்சா? சந்தோஷமா இருந்துச்சா?"

ஆமை உண்மையாகவே யோசித்துப் பார்த்தது.

"குரல் மாதிரி இருந்துச்சு" என்றது.

காது சொட்டச் சொட்ட யானை உள்ளே வந்தது. பிடுங்கி எறியப்பட்ட கதவைப் பார்த்ததுமே அதற்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எந்த அறையைச் சொன்னே?"

"ஒன்பது. என்னோட ஒன்பது."

"பெட்டிக்கு உன்னோட ஒன்பது தெரியாதும்மா. மொத்தக் கணினியோட ஒன்பதுதான் தெரியும். அது ஆமையோட பங்குல இருக்கு. நீ ஒண்ணு சொன்னா, நிஜத்துல அது எந்த அறைன்னு பார்த்து மாத்திச் சொல்லத்தான் கீரியைப் பழக்கினேன்."

"மொத்தக் கணினியும் என்னோடதுன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

யானை தலையைக் குனிந்துகொண்டது.

"சொன்னேன்" என்றது. "காவல் எதுக்குன்னு நீ கேட்டப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கணும்."

குரங்கு எப்போதோ மரத்தில் ஏறிவிட்டிருந்தது. "நான் கதவை மட்டும்தான் போட்டேன். எண்ணைச் சொன்னது நானில்லையே" என்று உச்சிக்கிளையிலிருந்து கத்தியது.

யானை அன்றே எல்லோரையும் கூட்டி, கணினி ஒன்றுதான், எல்லோரும் பங்காளிகள்தான் என்று சொல்லிவிட்டது. முயல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. கரடி தனக்கு முன்பே தெரியும் என்றது. கீரியும் ஒருவழியாகப் பாடத்தை முடித்து, பெட்டி வாசலில் வந்து நின்றது. இப்போது வாத்து ஒன்பது என்றால், கீரி அதை வாத்தின் அறைக்கே சரியாகத் திருப்பிவிடும். வாத்துக்குச் சொந்தமில்லாத அறையைக் கேட்டால் பெட்டியை மேலே போகவே விடாது. யானை நடுவில் வரவேண்டியதில்லை, திரை உறைவதுமில்லை. தொலைதூர ஏரியின் ஒவ்வொரு அலையும் ஒன்பதாம் அறையில் இடைவெளியில்லாமல் வந்து விழுந்தது.

தவளைகள் கத்தின. காற்று வீசியது. வாத்துகளின் சத்தம் மட்டும் இல்லை. கூட்டம் மலையேறிப் போய்விட்டது.

பிறகு வாத்து திரைமுன்னால் அதிக நேரம் உட்காருவதில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் ஆமையோடு ஆற்றுக்குப் போகும். தன்னால் தொலைந்த முட்டைகளைத் தானும் சேர்ந்து தேடுவதுதான் நியாயம் என்று அதற்குத் தோன்றியது. ஆமை ஒவ்வொரு மணல்திட்டாக முகர்ந்து பார்க்கும். அது காட்டுகிற இடத்தில் வாத்து அலகால் மணலை விலக்கும். முறிந்த சிறகு தரையில் இழுபட்டுக்கொண்டே வரும்.

ஒருநாள் திட்டு மாறும்போது வாத்து மெல்லக் கேட்டது.

"அக்கா, அன்னிக்கு அவர் கூப்பிட்ட மாதிரி ஒரு தரம் கூப்பிடுங்களேன்."

ஆமை நின்றது. மணல் ஒட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டது.

"கருவரி" என்றது, தன் வறண்ட குரலில்.

வாத்து கண்ணை மூடிக் கேட்டது.

"இல்லை, அப்படி இருந்திருக்காது" என்றது. "இன்னொரு தரம் சொல்லுங்க."

நீதி: காவலைத் தள்ளிவிட்டு ஓடுகிற ஏக்கம், தேடிப் போனதையே அடுத்தவர் வீட்டில் தொலைத்துவிடும்.