அணில் முழமும் கரடிப் பிடியும்

ஒரு காட்டில், பூவை அளக்கிறேன் என்று சொல்லி முழத்தையே விழுங்கிய ஒருவர் இருந்தார். பெயரைச் சொல்லமாட்டேன், குழந்தைகளே. அவருக்கே தெரியும். நாம் அவரை நரி என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த நரி சந்தையில் மல்லிகைச் சரம் விற்றது. ஒரு முழம் பூவுக்கு ஒரு பிடி தினை. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரு முழம். கை நிறைய அள்ளினால் ஒரு பிடி. யாருடைய கை என்று அங்கே யாரும் கேட்டதே இல்லை.

ஒருநாள் காலை நரி புதிதாக இரண்டு பேரை வேலைக்கு வைத்தது. பூ அளக்க அணில். தினை அள்ளக் கரடி!

அன்று காட்டுப்பன்றியின் மகளுக்குக் கல்யாணம். பன்றிக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அன்று மட்டும் சிரித்த முகத்தோடு வந்தது. பத்துப் பிடி தினை கொடுத்தது. இலையில் சுருட்டிக் கட்டிய பத்து முழம் பூவை வாங்கிப் போனது.

வீட்டில் பிரித்து மகள் கழுத்தில் சுற்றினால், பாதிக் கழுத்துக்குத்தான் வந்தது. உச்சிவேளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். மாலை இல்லாமல் அந்தக் காட்டில் கல்யாணம் நடக்காது.

பன்றி புழுதி பறக்க ஓடிவந்தது.

"ஏய், இது மாலையா, எலிக்குட்டிக்கு அரைஞாணா?"

"கோபப்படாதீங்க அக்கா," என்றது நரி. "பத்து முழம் கேட்டீங்க. பத்து முழம் கொடுத்தோம்."

"ஒண்ணுகூடக் குறையலை அக்கா. எண்ணி எண்ணித்தான் அளந்தேன்," என்றது அணில். பாவம், அது உண்மையைத்தான் சொன்னது.

கொக்கு குறுக்கே வந்தது. அது படித்த பறவை. சாலை போட வந்தவர்கள் விட்டுப்போன அளவுகோல் அதன் சிறகிடுக்கில் இருந்தது.

"சண்டை எதற்கு? முழம் என்றால் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். தீர்ந்தது!"

"அப்படி ஒரு கை இந்தக் காட்டில் யாருக்கு இருக்கு? கூட்டிட்டு வாங்க, நாளையிலிருந்து அவரையே வேலைக்கு வச்சுக்கறேன்," என்றது நரி.

கொக்கு முயலின் கையை அளந்தது. கீரியின் கையை அளந்தது. எதுவும் ஒத்துவரவில்லை.

"அப்படியே பிடி எத்தனை கிராம்னும் சொல்லிடுங்க சாமி," என்றது ஆமை.

"கொஞ்சம் யோசிக்கணும்," என்று கொக்கு ஒற்றைக் காலில் நின்றுவிட்டது.

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பன்றி ஒரு பெருமூச்சு விட்டது. குரலைத் தணித்தது.

"சரி, போகட்டும். இன்னும் பத்து முழம் கொடு. இதோ தினை மூட்டை."

நரிக்கு வாயெல்லாம் பல். "கரடி அண்ணே! வாங்க, அள்ளுங்க!"

பன்றி மூட்டைக்கு முன்னால் மறித்து நின்றது. "அவர் எதுக்கு? பூவை அளக்கிற கையே தினையையும் அள்ளட்டும். அணில் தம்பி, நீ வாப்பா."

அணில் பத்துப் பிடி அள்ளியது. ஒரு புங்க இலைகூட நிரம்பவில்லை.

"இதெல்லாம் ஒரு பிடியா?" என்று நரி கத்தியது.

"பத்துப் பிடி! ஒண்ணுகூடக் குறையலை. எண்ணிப் பாரு!"

சந்தையே சிரித்தது. கரடியும் சிரித்தது.

"விளையாடாதீங்க அக்கா. கரடிதான் அள்ளணும்," என்றது நரி.

"அப்படி வா வழிக்கு! காலையில் என் தினையை அள்ளினதும் கரடிதானே? அப்போ அந்தத் தினைக்குப் பூவையும் கரடியே அளக்கட்டும்."

நரி மெல்ல நழுவப் பார்த்தது. சுற்றி நின்றவர்கள் விடவில்லை.

கரடி கையை நீட்டி, நிதானமாகப் பத்து முழம் அளந்தது. அந்தச் சரம் மணப்பெண்ணின் கழுத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. மிச்சத்தைப் பன்றி தன் காதோரம் செருகிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது காடே மணந்தது.

நீதி: எந்தக் கையால் அள்ளி வாங்குகிறோமோ, அந்தக் கையாலேயே அளந்து கொடுக்க வேண்டும், குறைத்துக் கொடுத்தவரே, குறையை இன்றைக்கே நிரப்பிவிடுங்கள்!