தகரக் குழலுக்குக் காற்று அடித்தவர்

கருணைவிளைக் கிறிஸ்தவக் கோயிலின் குழல் ஆர்கனுக்கு விலை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். நூற்றைம்பது வருடம் ஆண்டவர் சந்நிதியில் பாடிய வாத்தியத்துக்கு எடை போட்டு விலை சொன்னவர் பழைய இரும்புக் கடைக்காரர். கிலோவுக்கு ஏழு ரூபாய் கூட்டிக் கேட்டவர் சபைப் பொருளாளர் ஜெயசிங். அதற்குக் காற்று அடித்த மனிதருக்கு யாரும் விலை கேட்கவில்லை. அவர்தான் அருமைநாயகம்.

தெருத் தெருவாகப் போய்ப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது அவர் பிழைப்பு. ஞாயிறுதோறும் ஆர்கனுக்குப் பின்னால், ஓர் ஆள் நிற்கும் சந்தில் நின்று துருத்தியின் கைப்பிடியை ஏற்றி இறக்குவது அவர் ஊழியம். முப்பத்தோரு வருடம் செய்தார். ஒவ்வோர் இறக்கத்துக்கும் உதட்டுக்குள் ஒரு ஸ்தோத்திரம். வாசிக்கிறவரைச் சபை பார்த்தது. அருமைநாயகத்தைச் சுவர் பார்த்தது. பிறகு காற்று அடிக்க மோட்டார் வந்தது. அப்போதும் அவர் அதே சந்தில் வந்து நின்று, வெறுங்கையோடு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து கெசியா என்ற பெண் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்தார்.

"ஒவ்வொரு குழலையும் தனித்தனியா ஊதவிட்டுப் பதிவு பண்ணுவேன். அப்புறம் கம்ப்யூட்டர்ல கட்டையை அழுத்தினா இதே குரல் வரும். ஆனா மோட்டார் இரைச்சல் கூடாது. கையால காத்து அடிக்க ஆள் இருக்கா?"

"இருக்காரே நம்ம காத்துக்காரரு!" என்றார் ஜெயசிங். "ஓய் அருமை, வாரும்! குரலைப் பிடிச்சு டப்பாக்குள்ள அடைச்சிட்டா, இந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுரலாம்."

ஊழியம் திரும்பி வந்ததற்கு அருமைநாயகம் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் 'தனித்தனியா' என்ற சொல்லைக் கேட்டதும் முன்வரிசைக் குழல் ஒன்றைத் திரும்பிப் பார்த்தார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு ஒரு புயல் மழையில் கூரை ஒழுகி, முன்வரிசைக் குழல் ஒன்று சாய்ந்து நசுங்கியது. நிமிர்த்தி வைக்கலாமென்று அருமைநாயகம் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். மேலே பூசியிருந்த பொன்வர்ணத்தை நம்பி உள்ளே பித்தளை என்று நினைத்தார். பாத்திரத்தைக் காட்டுவதுபோல் உலைத்தீயில் காட்டினார். அந்தக் குழல் முழுதும் வெள்ளீயமும் காரீயமும். அவர் கண்ணெதிரே உருகிச் சொட்டியது. நடுங்கிப்போனவர் எண்ணெய் டின்னை வெட்டி, சுருட்டி, பற்றவைத்து, வர்ணம் பூசி அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முந்நூறு குழலோடு சேர்ந்து பாடியபோது யாருக்கும் தெரியவில்லை.

கோயில் சொத்தை அழித்தவனுக்குத் திருவிருந்து இல்லையென்பது அந்தச் சபையின் ஒழுங்கு. கோயில் புளியமரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டிய ஒருவருக்கு அப்பமும் திராட்சரசமும் மறுக்கப்பட்டதை, அவர் சாவுக்கு மணி அடிக்காமல் விட்டதை அருமைநாயகம் பார்த்திருக்கிறார். வறுமையை அவர் பயந்ததில்லை. அந்த மேசையிலிருந்து தள்ளப்படுவதைப் பயந்தார்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பதிவு. மாவு மில் நின்றது, நாய்களைக் கட்டினார்கள், கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்தார்கள். ஊரே மூச்சடக்கிய அந்த அமைதியில் குழல்கள் ஒவ்வொன்றாகப் பேசின. ஒவ்வொன்று முடியும்போதும் தம் குழல் ஓரடி நெருங்கி வருவதாக அருமைநாயகத்துக்குத் தோன்றியது. சந்தில் வேர்த்து நின்றார். ஸ்தோத்திரத்தை விட்டுவிட்டுக் குழல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கெசியா ஹெட்போனைக் கழற்றினார்.

"ஐயா, காத்து நடுங்குது."

"கை நடுங்குது தாயி."

"ரெண்டு நாளா எடுத்த எல்லாத்துலயும் அந்த நடுக்கம் இருக்கு. இப்படியே பதிவானா, எத்தனை வருஷமானாலும் இப்படியேதான் பாடும்."

அருமைநாயகம் கைப்பிடியை விட்டார். இனி ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வோர் அடக்கத்திலும் தம் பயமே பாடப் போகிறதா? சந்திலிருந்து வெளியே வந்தார். குருவானவரும் ஜெயசிங்கும் முன்பெஞ்சில் இருந்தார்கள்.

"ஐயா, முன்வரிசையில இடமிருந்து நாலாவது குழல் ஆர்கனோடது இல்ல. எண்ணெய் டின்னுல நான் செஞ்சது. அசலை நான்தான் தெரியாம உருக்கிட்டேன். எனக்குத் திருவிருந்து கிடையாதுன்னு எழுதிக்கிடுங்க. அடிச்சு முடிக்க மட்டும் விடுங்க."

ஜெயசிங் துள்ளி எழுந்தார். "பத்தொம்பது வருஷமா தகரத்தை ஊதி எங்களை ஆமென் சொல்ல வச்சிருக்கீரே! ஈயத்தை வித்துத் தின்னீரா?"

"உருகினதை அள்ளி வச்சிருக்கேன் அண்ணாச்சி. ஒரு சொட்டு குறையாது."

குருவானவர் எழுந்து அந்த நாலாவது குழலருகே போனார். "விசாரணை அப்புறம். அந்தக் குழலை இப்பவே ஊதுங்க, கேப்போம்" என்றார்.

அருமைநாயகம் துருத்தியை நிரப்பி, அடிப்பதை நிறுத்தினார். தோல் நைந்த துருத்தி. நிறுத்திவிட்டால் இருபது வினாடிக்கு மேல் தாங்காது. கெசியா கட்டையை அழுத்தினார். தகரம் மெல்லப் பாடியது. காற்றின் அளவைக் காட்டும் ஈயக்குண்டு சரசரவென்று வந்து 'காலி' என்ற கோட்டில் நின்றது. அருமைநாயகம் கைப்பிடியிலிருந்தும் கையை எடுத்துவிட்டார். கெசியா விரலை எடுத்துவிட்டார். குழல் பாடிக்கொண்டிருந்தது.

கெசியாவின் முகம் வெளிறியது. ஏசுவதற்குத் திறந்த ஜெயசிங்கின் வாய் திறந்தபடியே இருந்தது. அருமைநாயகம் முழங்காலில் விழுந்தார். பயம் அவரை விட்டுப் போகவில்லை. கை மட்டும் நடுங்கவில்லை.

பெட்டியில் தேங்கிய காற்று என்பார்கள் விவரமறிந்தவர்கள். சொல்லட்டும். அடுத்த ஞாயிறு குருவானவர் முதல் அப்பத்தை அருமைநாயகத்தின் கையில் வைத்தார். ஜெயசிங் அவருக்குப் பின்னால் நின்று வாங்கினார். நடுங்கிய பதிவுகளையெல்லாம் மறுபடி எடுத்தார்கள். தமக்கென ஒரு சுரம்கூட வாசிக்காமல் ஊரையே பாடவைத்த அந்த அடியாரின் மூச்சு வாழ்க.

கெசியாவின் குறிப்பேட்டில் கணக்கு இப்படி இருக்கிறது: குழல்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு, பதிவானவை முந்நூற்றுப் பன்னிரண்டு. தகரக் குழலுக்கு இருந்த காற்று இருபது வினாடி; அது பாடியது நாற்பத்தோரு வினாடி. மீதி இருபத்தொன்று யார் தந்தது என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.