பார்த்தவரின் விகுதி

"விழுந்தது ஒரு தடவைதான். அதற்கு எதற்கு இரண்டு இறந்தகாலம்?" என்று டெஸ்மண்ட் கேட்டார்.

நெர்மின் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"எது விழுந்தது?"

"ஏதோ ஒன்று. உதாரணத்துக்குச் சொன்னேன்."

டெஸ்மண்ட் இங்கிலாந்துக்காரர். வயது அறுபத்தொன்று. கப்பல் வேலை முடிந்து ஓய்வுபெற்றதும் கருங்கடலோரம் இருந்த இந்தத் துறைமுக ஊருக்கு வந்து, அறை எடுத்துத் தங்கித் துருக்கிமொழி படித்துக்கொண்டிருந்தார். நெர்மின் அவரைவிடப் பதினாறு வயது இளையவள். ஆனாலும் ஊர் வழக்கப்படி ஆசிரியை என்ற மரியாதையோடு அவளை 'ஹோஜா' என்றுதான் அழைப்பார்.

அவள் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். தெரு நனைந்து கிடந்தது. அதற்கப்பால் பனிமூட்டம். கடல் தெரியவில்லை.

"மழையைப் பற்றிச் சொல்லுங்கள்."

"மழை பெய்தது."

"பார்த்தீர்களா?"

"இல்லை. தெரு ஈரமாக இருக்கிறதே."

"அப்படியானால் நீங்கள் சொன்னது பொய்."

கண்ணால் பார்த்ததற்கு அந்த மொழியில் 'தி' என்று ஒரு விகுதி. கேட்டதற்கும் ஊகித்ததற்கும் 'மிஷ்' என்று வேறொன்று. நாம் 'வந்தானாம், போனானாம்' என்கிறோமே, அந்த 'ஆம்' மாதிரி. ஆங்கிலத்தில் இது கிடையாது. அங்கே பார்த்தவனும் பார்க்காதவனும் ஒரே மாதிரி பேசிவிட்டுப் போகலாம்.

"மழை பெய்ததாம்" என்று டெஸ்மண்ட் திருத்திக்கொண்டார்.

"பெய்ததாம்" என்றது ஒரு குரல்.

மூடிய உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது அது. வறண்ட, மிக மெல்லிய குரல்.

டெஸ்மண்ட் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"என் அம்மா" என்றாள் நெர்மின். "நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். வெளியிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் மிஷ் போட்டுத்தான் வாங்கிக்கொள்வாள். முப்பத்துநான்கு வருடமாக."

"ஏன்?"

"என் அப்பா மாலுமி. புயலில் கப்பலிலிருந்து விழுந்தாராம். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அம்மா அழவில்லை. பார்த்தவன் வந்து சொல்லட்டும், அப்புறம் அழுகிறேன் என்றாள்."

டெஸ்மண்ட் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

அந்தக் கடிதம் அவருக்குத் தெரியும். கப்பலின் அதிகாரியாகக் கம்பெனி பெயரில் அதை எழுதியவரே அவர்தான்.

அதைப் பற்றிப் பேசத்தான் இந்த ஊருக்கு வந்தார். விலாசத்தைத் துறைமுகத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தார். வாசலில் நெர்மின் கதவைத் திறந்ததும் வாய் அடைத்துப்போயிற்று. "துருக்கிமொழி சொல்லித் தருவீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான்கு மாதம் ஓடிவிட்டது.

அன்று அறைக்குத் திரும்பும்போது அவருக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருந்தது. நேரில் நின்று சொன்னாலும், அந்த மாலுமி விழுந்தபோது அங்கே இருந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கென்றே ஒரு விகுதி இருக்கிறது.

கேள்விப்பட்ட இருபது செய்திகளை எழுதி வரச் சொல்லியிருந்தாள் நெர்மின்.

எழுதிக் கொண்டுபோனார். பத்தொன்பது சரி. ஒன்றில் மட்டும் சிவப்புக் கோடு.

'ஒரு மாலுமி கப்பலிலிருந்து விழுந்தான்.'

"மிஷ் வரவேண்டும்" என்றாள்.

"கவனக்குறைவு."

அடுத்த வாரமும் அதே வாக்கியத்தில் அதே கோடு. மூன்றாம் வாரம் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினார். அவள் நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். மிஷ் என்று எழுதியதாக அவர் சத்தியமே செய்திருப்பார். தாளில் 'தி' இருந்தது. கையெழுத்து அவருடையதுதான்.

"வேறெந்த வினையிலும் உங்களுக்கு இந்தப் பிழை வருவதில்லை" என்றாள்.

அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து மறுபடி எழுதப் போனார்.

"எழுத வேண்டாம். வாயால் சொல்லுங்கள்."

"ஒரு மாலுமி கப்பலிலிருந்து..."

மேலண்ணத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுபடி முயன்றார்.

"விழுந்தான்."

இம்முறை உள்ளறையிலிருந்து 'விழுந்தானாம்' என்று பதில் வரவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது.

நெர்மின் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. குரல் மட்டும் பாடம் நடத்தும் குரலாகவே இருந்தது.

"பிறகு?"

"கப்பல் சாய்ந்தது. அவர் தடுப்புக் கம்பிக்கு வெளியே போய்விட்டார். நான் கையைப் பிடித்தேன்."

"பிறகு?"

ஆங்கிலத்தில் 'நான்' முதலிலேயே வந்து நின்றுவிடும். துருக்கிமொழியில் அது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு கடைசியில்தான் வரும். அந்தத் தாமதம் டெஸ்மண்டுக்கு எப்போதுமே பிடித்திருந்தது. இப்போது வாக்கியத்தை எவ்வளவு மெதுவாகச் சொல்லியும் முடிவு வந்துவிட்டது.

"கையை விட்டுவிட்டேனாம்."



"தன்னைப் பற்றியே மிஷ் போட்டுச் சொல்லலாம்" என்றாள் நெர்மின். "இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஆனால் அது உறக்கத்தில் செய்ததற்கு. காய்ச்சலில் செய்ததற்கு. உறங்கினீர்களா?"

"இல்லை."

"காய்ச்சலா?"

"இல்லை."

"அப்படியானால் திருத்துங்கள்."

துறைமுகத்தில் பனிமூட்ட எச்சரிக்கைச் சங்கு ஊதியது. அது ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

"விட்டேன்" என்றார் டெஸ்மண்ட். "அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் நானும் போயிருப்பேன். விட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று எழுதினேன்."

ஒரு வார்த்தையில்கூடப் பிழை இல்லை.

நெர்மின் அவரைத் திட்டவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். உள்ளறைக் கதவைத் திறந்தாள்.

"அம்மா, வாருங்கள். பார்த்தவர் வந்திருக்கிறார்."

உள்ளேயிருந்து ஒரு சின்ன உருவம் வந்தது. கறுப்பு முக்காடு. நடை சுவரைத் தடவித் தடவி. நெர்மின் காலிசெய்த நாற்காலியில் டெஸ்மண்டுக்கு எதிரே உட்கார்ந்தாள் அந்த அம்மாள். அழவில்லை. அவர் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எந்தக் கை?" என்று கேட்டாள்.

அவர் வலது கையை மேசைமேல் நீட்டினார்.

அவள் அதைத் தன் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கடல்நீரைப் போலச் சில்லிட்டிருந்தன அவள் விரல்கள். பிறகு, மெல்ல, கீழ்நோக்கி இழுக்கத் தொடங்கினாள்.