ஏறி இறங்கிய கயிறு

முன்னொரு காலத்திலே வெண்ணாவல் நாட்டை மாறவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதில் பேசியவர் சொன்னதே அவனுக்கு வேதம்.

ஒருநாள் கோட்டை அதிகாரி புண்டரீகர் அந்தக் காதைப் பிடித்தார். "அரசே, வயலோ மலையோ, கயிற்றைத் தரையோடு தரையாகப் போட்டு அளக்கச் சொல்லுங்கள். பட்டயத்தில் உள்ளதைவிடக் கூடினால் அது ஒளித்த நிலம். பிடுங்கி எனக்குத் தாருங்கள்!" மலைநிலத்தை முன்பு அளந்து பட்டயம் கொடுத்தவர் மந்திரி நல்லுருத்திரர். அவர் பெயரைக் கெடுக்கத்தான் இவ்வளவும்.

மலைக்காரி சடைச்சியின் தினைப்புனம் பட்டயத்தில் இருபது கோல் நீளம். கயிற்றில் இருபத்தைந்து வந்துவிட்டது! அவள் அழுதுகொண்டே சபைக்கு ஓடிவந்தாள்.

"சாமி, அஞ்சு கோல் போனா என் பிள்ளைங்க எதைத் தின்னும்? நிலத்தை எங்கே ஒளிப்பேன், மடியிலயா?"

ராஜா விழித்தான். "மந்திரி, நிலம் வளருமா?"

"வளராது, அரசே."

"அப்போ பட்டயம் பொய்யா?"

"இல்லை."

"கயிறு பொய்யா?"

"அதுவும் இல்லை."

"ஐயையோ, தலை சுற்றுகிறதே!"

"புண்டரீகர் வீட்டையும் அதே கயிற்றால் அளந்தால் தெளிந்துவிடும்" என்றார் மந்திரி.

அந்த வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் உயரமான படிக்கட்டு. பட்டயத்தில் மனை பத்து கோல். கயிறு படிக்குப் படி ஏறியது, கூடத்தைக் கடந்தது, கொல்லைப் படியில் இறங்கியது. பதினான்கு!

"நாலு கோல் ஒளித்த நிலம்! அரசே, எதை இடிக்கலாம்? சமையற்கட்டையா, பூஜை அறையையா?" என்று கேட்டார் மந்திரி.

புண்டரீகர் அலறினார். "அடப்பாவி! படியெல்லாம் ஏறி இறங்கினால் கூடத்தானே செய்யும்?"

"மலையும் அப்படித்தானே ஐயா ஏறி இறங்குகிறது?" என்றார் மந்திரி. சபையே சிரித்தது.

"பிறகு எப்படித்தான் அளப்பது?" ராஜா தலையைப் பிடித்துக்கொண்டான்.

"சமவெளிக்குக் கயிறு போதும். சேற்றில் கயிறு நனைந்து சுருங்கும், அங்கே மூங்கில் கோல். சரிவில் கோலை மட்டமாகப் பிடித்து, நுனியில் தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொட்ட இடத்திலிருந்து அடுத்த கோல்."

அப்படி அளந்தபோது புனம் சரியாக இருபது கோல். ராஜா மந்திரிக்குத் தன் மோதிரத்தையும் சடைச்சிக்குப் புதுப் பட்டயத்தையும் கொடுத்தான். இனி மலையெங்கும் கோல் பிடிப்பது புண்டரீகர் வேலை என்றான்.

"எல்லாம் சரி, இப்போ என் நாடு கூடிற்றா, குறைந்ததா?" என்று அவன் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறான். மலையிலோ சடைச்சியின் குரல்:

"ஐயா, கை தாழுது பாருங்க! மட்டமாப் பிடிங்க, இல்லேன்னா உங்க சமையற்கட்டு போயிரும்!"