கொம்பையாவின் முதுகில் இருந்த சேறு

கோரைக்குளத்தில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடைதான் அந்தக் குளத்துக்கு உயிர். அந்த ஓடையின் குறுக்கே யாரோ ஒரு பாறையை உருட்டிப் போட்டுவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, காட்டுத் தலைவர் கரடியார்தான். தன் குகை வாசலில் குளிக்க ஒரு மடு வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசையும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. கீழே இருப்பவர்களையா கேட்கப் போகிறார்?

குளத்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள். தவளைகள், ஆமைகள், நீர்க்கோழிகள், மீன்கள் என்று எல்லாரும் வந்திருந்தார்கள்.

"இப்படியே போனா கோடையில மீனெல்லாம் கருவாடு. நாங்க அதுக்குக்கூட ஆக மாட்டோம்" என்றான் தவளை தாண்டவன்.

"சபைக்கு ஆள் அனுப்புவோம். பாறையை எடுக்கச் சொல்லுவோம்" என்றது ஓர் ஆமை.

காட்டுச் சபை மலைமேல் வழுக்குப்பாறையில் கூடும். குளத்துக்கு ஓர் உறுப்பினர். அங்கே பழைய சட்டம் ஒன்று உண்டு. தன் குளத்துச் சேறு முதுகில் ஈரமாக இருக்கும்வரைதான் ஓர் உறுப்பினர் பேசலாம், வாக்களிக்கலாம். காய்ந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். சொந்தக் குளத்தில் புரண்டு, அங்கே இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வர வேண்டும். அந்தச் சட்டத்தை வைத்தவர்கள் விவரமானவர்கள். போனவன் அங்கேயே தங்கிவிடுவான் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

குடியில்லாத குளத்துக்கு உறுப்பினர் கிடையாது என்று இன்னொரு சட்டமும் இருந்தது. அதை அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. குளம் நிறைய ஆட்கள் இருந்தார்களே.

தவளை போனால் பாதி வழியிலேயே சேறு காய்ந்துவிடும். ஆமை போய்ச் சேர்வதற்குள் சபையே கலைந்துவிடும். அதனால் எல்லாரும் எருமைக்கடா கொம்பையாவைப் பார்த்தார்கள். அவன் முதுகு ஒரு மேடு அகலம். அதில் அப்பிய சேறு இரண்டு நாள் தாங்கும். குரலும் கனத்த குரல்.

விரால் மீன் செவனம்மாள் மட்டும் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"முதுகு அகலம்தான், ஒத்துக்கறேன். போனவன் திரும்பி வருவானா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? நான் கன்னுக்குட்டியா இருந்தப்போ உங்க சேத்துலதானே புரண்டேன்? தண்ணி இல்லாம இந்தக் கரையை மிதிக்க மாட்டேன்" என்றான் கொம்பையா.

அந்த வாக்கைக் கேட்டு எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. செவனம்மாளுக்கும்தான். அல்லித்தண்டு மாலை போட்டு அவனை அனுப்பிவைத்தார்கள்.

முதல் நாள் கொம்பையா பேசியதை இன்றைக்கும் மலையில் சொல்கிறார்கள். அப்படி ஒரு பேச்சு. "எங்க தண்ணியை விடுங்க!" என்று அவன் போட்ட சத்தத்தில் பாறையிடுக்கு வௌவால்கள் பறந்தன. கரடியார் பொறுமையாகத் தலையாட்டினார். "உறுப்பினரின் கோரிக்கை நியாயமானது. ஆவன செய்யப்படும்" என்றார். சபை கைதட்டியது. கொம்பையாவுக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் முதுகுச் சேறு காயத் தொடங்கியது. வெயிலில் கீழே இறங்கி, மறுபடி ஏற வேண்டும். அவன் யோசித்துக்கொண்டு நின்றபோது சபையின் காரியக்காரன் கீரி பக்கத்தில் வந்தது.

"எதுக்கண்ணே இந்த அலைச்சல்? மடுவுக்குப் பின்னாடி அருமையான சேறு கிடக்கு. ஒரு புரட்டு புரண்டுட்டு வாங்க."

"எங்க குளத்துச் சேறுதானே பூசணும்?"

"அந்த மடுவுல இருக்கறது யார் தண்ணி? உங்க ஓடைத் தண்ணிதானே? அப்ப அதுல ஊறின சேறும் உங்க சேறுதான்."

கொம்பையா மடுவோரம் போய்ப் பார்த்தான். கீரி சொன்னது தப்பு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சேறு குளிர்ச்சியாக இருந்தது, வெயில் கடுமையாக இருந்தது. இந்த ஒரு தரம்தானே என்று இறங்கிப் புரண்டான். திருடிய தண்ணீரில் ஊறிய சேற்றைப் பூசிக்கொண்டு, திருட்டைப் பற்றிப் பேசப் போனான். அன்றைக்குக் குரல் அவ்வளவாக எழும்பவில்லை.

அதற்குப் பிறகு அவன் கீழே இறங்கவே இல்லை.

அடுத்த மாசம் கரடியார் பதவிக்கு ஆபத்து வந்தது. சபையில் பாதிப் பேர் எதிராகத் திரும்பிவிட்டார்கள். ஒரே ஒரு வாக்கு குறைந்தது. கீரி ஓடிவந்து கொம்பையாவை ஒரு குகைக்கு அழைத்துப்போனது. உள்ளே பசும்புல்லும் பனம்பழமும் குவிந்திருந்தன. வாசலில் இரண்டு செந்நாய்கள் நின்றன. மூன்று நாள் அவனை வெளியே விடவில்லை. வெளியே போக வேண்டும் என்று அவனும் கேட்கவில்லை. நாலாம் நாள் மடுச்சேற்றில் ஒரு புரட்டு புரண்டுவிட்டு, சபையில் கரடியாருக்காக முன்னங்காலைத் தூக்கினான். கரடியார் தப்பித்தார்.

கைமேல் பலன் கிடைத்தது. கொம்பையா காட்டின் நீர்வளக் காவலர் ஆனார். ஆமாம், இனி நாமும் மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும். காட்டிலுள்ள ஓடை, குளம், சுனை எல்லாம் அவர் பொறுப்பு. அவர் உட்காரும் இடம் எது தெரியுமா? ஓடையை அடைத்த அதே பாறையின் நிழல்.

கோரைக்குளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. பிறகு கணுக்காலுக்கு. தாண்டவன் மலையேறி வந்தான். தவளைக்கு அது எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள். வந்து சேர்ந்தபோது அவன் தோல் காய்ந்து சுருங்கியிருந்தது. கீரி அவனை மதியம்வரை வெயிலில் உட்காரவைத்தது. அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டது.

"கொம்பையா, பாறை உன் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு. ஒரு முட்டு முட்டினா நாங்க பொழைச்சுக்குவோம்" என்றான் தாண்டவன்.

"புரியுதுப்பா. ஆனா நான் இப்ப மொத்தக் காட்டுக்கும் பொறுப்பு. சொந்தக் குளத்துக்கு மட்டும் செஞ்சா நாலு பேர் தப்பாப் பேசுவாங்க. மனு குடுத்துட்டுப் போ. பார்த்துச் செய்யறேன்."

"நாங்கதானே உன்னை அனுப்பினோம்?"

"அதை நான் மறக்கலை" என்றார் கொம்பையா. சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாண்டவன் ஊர் திரும்பவில்லை. பாதி வழியில், ஒரு புங்கமரத்தடியில் எறும்புகள் அவனை இழுத்துக்கொண்டு போயின. கொம்பையா அந்தப் பாறையை ஒரு முட்டு முட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கோடை முற்றியபோது கணக்கு மாறியது. வேப்பங்குளத்திலிருந்து ஒரு காட்டுப்பன்றி புதிதாகச் சபைக்கு வந்திருந்தது. அதன் பின்னால் ஆறு வாக்குகள் இருந்தன. அது நீர்வளப் பதவியைக் கேட்டது. கரடியார் கீரியைப் பார்த்தார். கீரிக்கு அது போதும்.

மறுநாள் காலை சபையில் கீரி எழுந்து நின்றது.

"கோரைக்குளத்துச் சேறு கறுப்பு. காவலர் முதுகுல இருக்கறது செம்மண். இது சட்டவிரோதம்."

கொம்பையாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீதானே அதுல புரளச் சொன்னே?"

"நான் சொன்னா என்ன அண்ணே, சட்டம் சட்டம்தானே?"

கரடியார் தீர்ப்புச் சொன்னார். "பொழுது சாய்வதற்குள் சொந்தக் குளத்துச் சேற்றோடு வந்தால் பதவி நீடிக்கும். இல்லாவிட்டால் கிடையாது."

கொம்பையா ஓடினார். நீர் இல்லாமல் மிதிக்க மாட்டேன் என்று சொன்ன கரையை மிதித்துக்கொண்டு இறங்கினார்.

குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆமையோடுகள் கவிழ்ந்து கிடந்தன. நீர்க்கோழிகள் போன திசை தெரியவில்லை. நடுவில் மட்டும், ஓர் எருமை புரளும் அளவுக்குக் கறுப்பாகக் கொஞ்சம் ஈரச்சேறு மின்னியது. அதற்குள்ளிருந்து ஒரு தலை மெல்ல எழுந்தது. செவனம்மாள். விரால்கள் அப்படித்தான், சேற்றுக்குள் புதைந்து மழைவரை உயிரைப் பிடித்துவைத்திருக்கும்.

"வந்துட்டியா தம்பி? தண்ணி கொண்டுவந்தியா?"

"அதுக்குத்தான்க்கா வந்தேன். இந்தச் சேறு வேணும். இது முதுகுல இல்லாட்டி என்னால பேச முடியாது."

"இது போச்சுன்னா நான் இல்லைப்பா. இன்னும் பத்து நாள்ல மழை வந்துடும். அதுவரைக்கும் இது தாங்கும்."

"பதவி போயிட்டா உங்களுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டாங்க."

"இத்தனை நாள் பதவி இருந்துச்சே. என்ன பேசினே?"

கொம்பையா சூரியனைப் பார்த்தார். அது மலையுச்சியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. தன் தோலைப் பார்த்தார். செம்மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா" என்றார். சேற்றில் இறங்கி ஒரு புரட்டு புரண்டார். மறுபக்கம் இன்னொரு புரட்டு. அவர் எழுந்தபோது குளத்தில் ஈரம் என்று எதுவும் மிச்சமில்லை. காய்ந்த மண்ணில் வாலொன்று இரண்டு முறை அடித்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் மலையேறினார்.

வெளிச்சம் இருக்கும்போதே சபைக்குள் நுழைந்துவிட்டார். கறுத்த சேறு முதுகிலிருந்து சொட்டியது. கரடியார் கீரியைப் பார்த்தார். கீரி கொம்பையாவைச் சுற்றி வந்து மோந்து பார்த்தது. சேற்றோடு ஒரு மீன்செதில் ஒட்டியிருந்தது. கீரி அதைக் கால்நகத்தால் எடுத்துச் சபைக்குக் காட்டியது.

"சேறு சரிதான் அண்ணே. கோரைக்குளத்துல இப்ப யார் யார் குடியிருக்காங்க?"

கொம்பையா வாயைத் திறந்தார். ஒரு பெயர்கூட வரவில்லை. தவளைகள் போய்விட்டன. ஆமைகள் போய்விட்டன. கடைசியாக இருந்தவள் ஒரு செதிலாக அவர் முதுகிலேயே வந்திருந்தாள்.

"குடியில்லாத குளத்துக்கு உறுப்பினர் இல்லை. கோரைக்குளத்தின் பெயரை நீக்குங்கள்" என்றார் கரடியார்.

காட்டுப்பன்றி போய்ப் பாறை நிழலில் உட்கார்ந்தது. மடுவோரம் போன கொம்பையாவைச் செந்நாய்கள் மறித்தன. உறுப்பினர்களுக்கு மட்டும்தான் அந்த இடமாம். அவன் கீழே இறங்கி நடந்தான். இனி மரியாதை எதற்கு? முதுகுச் சேறு வழியெல்லாம் காய்ந்து உதிர்ந்தது.

பத்தாம் நாள் மழை பெய்தது. செவனம்மாள் சொன்ன அதே நாள். கோரைக்குளம் பாதி நிறைந்தது. கொம்பையா நடுக்குளத்தில் நின்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். சபையையே நடுங்கவைத்த குரல் அது. ஒரு தவளைகூடப் பதில் கத்தவில்லை.

தன்னைப் பேச அனுப்பியவர்களின் உயிரைவிடப் பேசுகிற இடம்தான் பெரிது என்று நினைப்பவனுக்குக் கடைசியில் அந்த இடமும் இருக்காது, அவன் பேச்சைக் கேட்க ஓர் உயிரும் இருக்காது.